மாப்பிள்ளை சாப்பிட்டாரா?

மீன் சாப்பிடவில்லை என்பது முதல் நாள் பிரச்சினை. இரண்டாம் நாள் அந்தப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. மீனையே காணோம்.

முத்திரை கண்ணாடித் தொட்டியின் முன்னால் முழங்காலிட்டு இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான், தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கன்னத்தைச் செருகிப் பின்பக்கமும் பார்த்தான். உப்புத் தண்ணீர் இருந்தது. பாறைகள் இருந்தன. வெள்ளை மணல் இருந்தது. ஊதா விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையிலிருந்த பிளாஸ்டிக் குழாயில் இறால் துணுக்குகள் தயாராக இருந்தன. சாப்பிட வேண்டியவர் மட்டும் இல்லை.

அலுவலகத்தில் எல்லோரும் அவனை முத்திரை என்றுதான் கூப்பிடுவார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் அவனுக்கு வேலை. வருகிற கோப்புகளின் மேல் 'பரிசீலனையில்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது அதில் பெரும்பகுதி. ஆனால் பெயர் வந்தது அதனால் மட்டுமல்ல. மேலாளர் எதைச் சொன்னாலும் அவன் தலை மேலேயிருந்து கீழே ஒரே இறக்காக இறங்கும். மை தொட்டுக்கொள்ளாததுதான் குறை.

அந்த மேலாளரின் வரவேற்பறையில்தான் இப்போது அவன் முழங்காலிட்டிருந்தான். மேலாளர் வருடத்துக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ப் பேத்தியைக் கொஞ்சிவிட்டு வருவார். போகும்போது வீட்டுச் சாவியையும் மீனையும் அலுவலகத்தில் யாராவது ஒருவரிடம் ஒப்படைப்பார். போன வருடம் நெட்டை. அதற்கு முந்தின வருடம் காசாளர். அதற்கும் முன்னால் தபால் பிரிவில் இருந்த ஒருவர். மூவரும் சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோனவர்கள். மேலாளர் திரும்பி வந்த வாரமே மூவருக்கும் மாற்றல் கிடைத்தது. எங்கே கேட்டார்களோ அங்கேயே.

இதை அலுவலகத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. ஆனால் மேலாளர் விமான டிக்கெட் எடுத்துவிட்டார் என்று தெரிந்ததும் அத்தனை பேருக்கும் மீன் என்றால் உயிராகிவிடும். இந்த வருடம் ஒருவர் தன் கணினித் திரையிலிருந்த சாமி படத்தை எடுத்துவிட்டுத் திமிங்கலத்தை வைத்தார். இன்னொருவர் மேலாளர் கண்ணில் படும்படியாக கேன்டீனில் மீன் சாப்பிடுவதை நிறுத்தினார். முத்திரை எதுவும் செய்யவில்லை. கூப்பிட்டபோது போய் நின்று தலையை இறக்கினான். சாவி கைக்கு வந்தது.

அவனுக்கு மாற்றல் வேண்டியிருந்தது. மனைவி வேறு ஊரில், ஒரு மருத்துவமனையின் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். குழந்தை அவளோடு. ரயிலில் ஒரு ராத்திரி தூரம். மகளுக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை, அதற்குள் 'அப்பா' என்கிறாள். அலைபேசியைப் பார்த்து. போன முறை அவன் நேரில் போய் நின்றபோது குழந்தை அவனை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு மேஜையில் கிடந்த அலைபேசியை எடுத்துக் கட்டிக்கொண்டு "அப்பா" என்று அழுதது. யாரோ ஓர் ஆள் வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று அப்பாவிடம் புகார் சொல்கிறாள் என்று மனைவி விளக்கினாள்.

அவனுடைய மாற்றல் விண்ணப்பம் வெகுநாளாக மேலாளரின் மேஜையில் கிடந்தது. அதன் மேல் 'பரிசீலனையில்' என்று குத்தியவனும் அவன்தான்.

மீன் ராஸ் என்ற வகை. கடல் மீன். விரல் நீளம் இருக்கும், உடம்பு முழுக்கச் சிறுத்தைப் புள்ளி. வாய் மட்டும், எதையோ முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லப்போவது போலக் குவிந்திருக்கும். ஊருக்குப் புறப்படுவதற்குச் சற்று முன்னால்தான் மேலாளர் அதை வாங்கினார். வந்த நாளிலிருந்து போட்டதையெல்லாம் வாயில் வாங்கி, கொஞ்சம் யோசித்து, துப்பியது. அந்த முறுக்கைப் பார்த்து அவர் வைத்த பெயர்தான் 'மாப்பிள்ளை'.

ஊட்டும் முறையை அவர் ஒரு மதியம் முழுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். உறைந்த இறாலைத் தொட்டித் தண்ணீரிலேயே கரைக்க வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மீனுக்கு முன்னால் மோட்டாரின் வடிகட்டியே சாப்பாட்டைச் சாப்பிட்டுவிடும். ராஸுக்கு வயிறு சின்னது, பசி பெரியது. கொஞ்சம் கொஞ்சமாக மூன்று வேளை. எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டியின் வலை மூடியைத் திறந்து வைக்கவே கூடாது. ராஸ் குதிக்கும்.

"நீ மூணு வேளை சாப்பிடுறியோ இல்லையோ, அவர் சாப்பிடணும்யா," என்று முடித்திருந்தார்.

முத்திரை இப்போது தலையை உயர்த்தி மேலே பார்த்தான். வலை மூடி நேற்று மாலை அவன் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்த இடத்திலேயே சாய்ந்திருந்தது.

அடுத்த அரை மணி நேரம் அவன் வரவேற்பறையைத் தவழ்ந்து அளந்தான். அலமாரிக்கு அடியில் ஒரு பேனா மூடி கிடைத்தது. திரைச்சீலைக்குப் பின்னால் பல்லி ஒன்று அவனைப் பார்த்துச் சங்கடப்பட்டது. சோபாவுக்கு அடியில் கையை விட்டபோது விரல் நீளத்தில், காய்ந்து சுருண்ட ஒன்று தட்டுப்பட்டது. புள்ளிகூட இருந்தது. அதைச் செய்தித்தாளில் கிடத்தி முன்னால் உட்கார்ந்துகொண்டான். மகள் அலைபேசியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவது கண்ணுக்குள் ஓடியது.

வீடு பெருக்கிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகும் அக்கா அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே துடைப்பத்தோடு உள்ளே வந்தார். மேலாளர் வீட்டில் பல வருடமாக வேலை செய்கிறவர்.

"என்ன தம்பி, ஆரஞ்சுத் தோலை வெச்சுக்கிட்டு அழறீங்க?"

"தோலா இது?"

"ஐயா போன மாசம் உரிச்சுப் போட்டது."

சொன்ன பிறகுதான், சோபாவுக்கு அடியில் பெருக்கி ஒரு மாதம் ஆகிறது என்பதையும் தானே சொல்லிவிட்டது அவருக்கு உறைத்தது. சட்டென்று பேச்சை மாற்றினார்.

"மீனு செத்திருந்தா விடுங்க தம்பி. அதுவும் ஒருவகையில உங்களுக்கு..."

"அக்கா. அந்த வார்த்தையே இந்த வீட்டுல வேண்டாம்."

"இல்ல தம்பி, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"மீனைப் பத்தியே பேச வேண்டாம்க்கா. கையெடுத்துக் கும்பிடறேன்."

அக்கா தோளைக் குலுக்கிவிட்டுச் செடிகளிடம் போனார்.

இழப்பீட்டுப் பிரிவில் ஒரு விதி உண்டு. உடல் கிடைக்காதவரை ஆள் இறந்ததாக ஒப்புக்கொள்வதில்லை. எத்தனையோ பெண்களிடம் இந்த விதியைப் படித்துக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறான் முத்திரை. அது எவ்வளவு ஆறுதலான விதி என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மாலை மேலாளர் வீடியோவில் வந்தார். மடியில் பேத்தி.

"மாப்பிள்ளை சாப்பிட்டாரா?"

"ஆச்சு சார்."

"காட்டு."

"இப்பதான் படுத்தார் சார்."

அலைபேசியைத் தொட்டியின் பக்கம் திருப்பி, மணலையும் பாறையையும் முடிந்த அளவு மெதுவாகக் காட்டினான். மேலாளர் சிரித்தார். மணலுக்குள் புகுந்துவிட்டார் போலிருக்கிறது, இந்த ஜாதி மீன் மணலைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கும், புது இடம் என்றால் கூச்சத்தில் பல நாள் வெளியே வராது என்று விளக்கினார். முத்திரைக்கு உயிர் வந்தது. முன்பே சொல்லியிருந்தால் அவனுக்கும் அந்தப் பல்லிக்கும் அறிமுகம் ஏற்பட்டிருக்காது.

"ஆனா சாப்பாட்டை மட்டும் நிறுத்திடாதே. உள்ளே இருந்தாலும் வாசனை போகணும். பசி எடுத்தா வந்துதானே ஆகணும்?" பேத்தியின் தலையை முகர்ந்துவிட்டு, "எது எப்படியோ, குடும்பம்னா பக்கத்துலயே இருக்கணும்யா. தள்ளி இருந்து அனுபவிச்சாத்தான் தெரியும்," என்றார்.

முத்திரையின் தலை இறங்கியது.

அன்று முதல் கண்ணுக்குத் தெரியாத மீனுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்தான். காலையில் அலுவலகம் போகுமுன் ஒரு வேளை. மதிய இடைவேளையில் பஸ் பிடித்து ஓடி வந்து ஒரு வேளை. மாலையில் ஒரு வேளை. மதியம் அவன் சாப்பிடுகிற நேரமும் மீன் சாப்பிடாத நேரமும் ஒன்றாகிவிட்டதால், இரண்டு பேருமே சாப்பிடவில்லை. வாசனை போதவில்லையோ என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டான். மணலுக்கு மேலே இறால் துணுக்குகள் குவிந்தன. வார முடிவில் தொட்டித் தண்ணீர் பாலாகிவிட்டது. இப்போது மீன் வெளியே வந்தாலும் தெரியாது.

தொட்டிக் கடைக்காரர் அவன் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எதையாவது விற்க முடியும் என்று தெரிந்தால் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

"சாப்பாடு அழுகிப்போச்சு. தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும். கடல்தண்ணி நம்மகிட்ட கேன்ல இருக்கு."

மேலாளர் வீடு நான்காவது மாடி. லிஃப்ட்டில் 'பழுது' என்று எழுதி ஒட்டியிருந்தது. முத்திரை ஒரு கையில் ஒரு கேன் வீதம் கடலை மாடிக்குச் சுமந்தான். சுமந்தது போதாதென்று பழைய கடலைக் கீழே சுமந்தான். மூன்று நாளில் தண்ணீர் தெளிந்தது. அவன் இடுப்பு கலங்கியது.

மீன் வரவில்லை. மறுபடி கடைக்குப் போனான்.

"சாப்பிடாத பிள்ளையை எப்படிச் சாப்பிட வைப்பாங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எப்படி?"

"நல்லா சாப்பிடுற பிள்ளையை எதிர்ல உட்கார வைப்பாங்க. அது மொக்குறதைப் பார்த்து இதுவும் மொக்கும்." கண்ணை மூடியபடியே ஒரு தொட்டியைக் காட்டினார். உள்ளே இன்னொரு ராஸ், உடம்பில் ஆறு கோடு. போட்டது தண்ணீரைத் தொடும் முன்பே பாய்ந்து விழுங்கியது. அது மீன் மாதிரி இல்லை. இடைவேளையில் கேன்டீனுக்குள் நுழையும் கணக்குப் பிரிவு மாதிரி இருந்தது.

ஆறுகோடு புது வீட்டில் கூச்சமே படவில்லை. போட்டதைச் சாப்பிட்டது. போடப்போவதையும் சாப்பிட வந்தது. இரண்டாம் நாள் மாலை, மணல் ஓரிடத்தில் மெல்லக் குலுங்கி, புள்ளி போட்ட மூக்கு ஒன்று வெளியே நீண்டது. முத்திரை மூச்சை அடக்கினான். ஆறுகோடும் பார்த்தது. நேரே போய் அந்த மூக்கை ஒரு கடி கடித்துவிட்டு வந்து அடுத்த வாய்க்கு நின்றது. மூக்கு உள்ளே போய்விட்டது.

மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார் என்பது உறுதியானது. அவருக்கு வீட்டுக்குள்ளேயே பகையாளியைக் கூட்டி வந்து விட்டது தான்தான் என்பதும் உறுதியானது.

அன்று இரவு சாப்பாட்டை மறந்து அவன் நெட்டைக்குப் போன் போட்டான். போன வருடம் இதே சாவியை வைத்திருந்தவர், இப்போது சொந்த ஊரில், மனைவி மக்களோடு. பின்னால் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் முத்திரைக்குப் பாட்டுக் கச்சேரி போல இருந்தது.

"அண்ணே, நீங்க உங்க மீனுக்கு என்ன போட்டீங்க? இது ஒரு வாய் திங்க மாட்டேங்குது."

நெட்டை திரும்பிப் பிள்ளைகளை அதட்டிவிட்டு வந்தார்.

"நான் பெரிசா ஒண்ணும் பண்ணலை தம்பி."

"சும்மா சொல்லாதீங்கண்ணே."

"சத்தியமா. ஒரே வாரத்துல முடிஞ்சுது. சார் வந்தாரு, பார்த்தாரு, ஆர்டர் குடுத்தாரு. அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காதே." போன் வைக்கப்பட்டது.

என்ன ஓர் அடக்கம் என்று முத்திரை நினைத்துக்கொண்டான். சாதித்தவர்கள் இப்படித்தான்.

மறுநாள் காலை அலுவலகம் போகும் சட்டையோடு வலையை எடுத்துக்கொண்டு ஆறுகோட்டைப் பிடிக்க இறங்கினான். வலை வலது பக்கம் போனால் அது இடது பக்கம் போனது. பாறைக்குப் பின்னால் விரட்டியபோது பாறைக் குவியல் சரிந்து, மூக்கு தெரிந்த அதே இடத்தின் மேல் உட்கார்ந்தது. முத்திரை தோள்வரை கையை உள்ளே விட்டுப் பாறைகளைத் தூக்கினான். தூக்கிய சமயம் ஆறுகோடு தண்ணீரை விட்டுக் கிளம்பி, அவன் காதை உரசிக்கொண்டு பறந்து, சோபாவில் போய் உட்கார்ந்தது. ராஸ் குதிக்கும் என்று மேலாளர் சொன்னது உண்மைதான்.

அதைச் சமையலறைப் பாத்திரத்தில் கடல்தண்ணீரோடு மூடி எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் மடியில் வைத்து, கடைக்குக் கொண்டுபோனான். பக்கத்து இருக்கைக்காரர் என்ன சாப்பாடு என்று விசாரித்தார். கடைக்காரர் மீனைப் பெரிய மனதோடு திருப்பி வாங்கிக்கொண்டார். பணம் திரும்பித் தரும் வழக்கமில்லை என்றார். அவன் நின்றுகொண்டிருக்கும்போதே அதைப் பழைய தொட்டியில் விட்டு, இன்னொருவரிடம், "உங்க வீட்டுல சாப்பிடாத மீனு ஏதாவது இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

அன்று அலுவலகத்துக்குத் தாமதம். சட்டையில் ஒரு கை மட்டும் உப்புப் பூத்து விறைத்திருந்தது. உதவி மேலாளர் அந்தக் கையை மட்டும் உற்றுப் பார்த்தார்.

மாலையில் தொட்டியின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தான். விட்டுப்போன குடையை எடுக்க வந்த அக்கா வாசலுக்கும் தொட்டிக்கும் நடுவில் தயங்கி நின்றார்.

"தம்பி, மீனைப் பத்திப் பேசலாமா?"

"பேசுங்கக்கா," என்றான். இனி என்ன.

"அது தினம் வெளியிலதானே சுத்துது."

"எப்போ?"

"நான் பெருக்குற நேரம். பத்து பதினோரு மணி வாக்குல வரும், பாறையை மோந்து பார்த்துக்கிட்டே திரியும், உச்சிவேளைக்கு உள்ள போயிடும். நீங்கதான் பேசக் கூடாதுன்னீங்களே."

கடைக்காரரைப் போனில் பிடித்துக் கேட்டபோது ரொம்ப இயல்பாகச் சொன்னார். எங்கோ தூரத்துக் கடலிலிருந்து வந்த மீன், அந்த ஊர் நேரத்திலேயேதான் எழும், படுக்கும், பழகுவதற்கு நாளாகும், அது முழித்திருக்கும்போது கூடவே இருந்து, மறுபடி மறுபடி சின்னச் சின்ன வாயாகக் காட்டினால் ஒருநாள் பிடித்துக்கொள்ளும். இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றால், முதலில் அவன் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டானாம்.

பத்து மணியிலிருந்து உச்சிவேளை வரை. அந்த நேரம் முத்திரை அலுவலகத்தில் ஸ்டாம்ப் குத்தும் நேரம். விடுப்பு எடுத்தால்தான் உண்டு. அவன் கணக்கில் விடுப்பு இருந்தது. மகளின் முதல் பிறந்தநாளுக்கென்று வருடம் முழுக்க, காய்ச்சலில்கூட எடுக்காமல் சேர்த்த விடுப்பு. பிறந்தநாள் அந்த வாரம்தான்.

மனைவிக்குப் போன் செய்தான். இதற்கு முன்னால் அவள் எப்போதும் முதலில் கேட்பது, சாப்பிட்டீங்களா என்று. இப்போதெல்லாம் மீன் சாப்பிட்டதா என்றுதான் கேட்கிறாள். அவன் விஷயத்தைச் சொன்னான்.

"பிறந்தநாளுக்குன்னு வெச்சிருந்த லீவு அது," என்றாள்.

"தெரியும்."

"அதை மீனுக்கு எடுக்கப்போறீங்க."

"மீனுக்கு இல்லை. மாற்றலுக்கு. இந்த ஒரு பிறந்தநாளை விட்டா, இனி வர்ற அத்தனை பிறந்தநாளுக்கும் நான் வீட்டுல இருப்பேன். மூணு பேருக்குக் கிடைச்சிருக்கு. கண்ணால பார்த்திருக்கேன்."

மறுமுனையில் மருந்துப் பெட்டிகளை அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி. உங்க மாப்பிள்ளையை நல்லா கவனிங்க," என்றாள் கடைசியில். "இங்க ஒருத்திக்கு அப்பா போன்லதான் இருக்காரு. சார்ஜ் போட்டு வெச்சா போதும்."

மறுநாள் காலை பத்து மணி தாண்டியதும் மணல் குலுங்கியது. மாப்பிள்ளை வெளியே வந்தார். இளைத்திருந்தார், ஆனால் முறுக்கு குறையவில்லை. முத்திரை மோட்டாரை நிறுத்தி, மூச்சையும் பாதி நிறுத்தி, குழாய் முனையில் ஒரே ஒரு துணுக்கை வைத்து நீட்டினான். மீன் வந்தது, ஒரு கண்ணால் பார்த்தது, மறு கண்ணால் பார்த்தது, வாயில் வாங்கியது, யோசித்தது. துப்பியது.

மறுபடி நீட்டினான். துப்பியது. பூண்டுச் சாறில் நனைத்தான். துப்பியது. துணுக்கைத் துணுக்காக நறுக்கினான். துப்பியது. உயிருள்ள குட்டி இறாலை வாங்கி வந்து விட்டான். துரத்திப் போய்ப் பிடித்து, அதையும் துப்பியது. உச்சிவேளையில் போய்ப் படுத்துக்கொண்டது. துப்பியதையெல்லாம் முத்திரை குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்தான். இரண்டு நாள் இப்படிப் போனது. கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் பிறந்தநாள்.

அலைபேசியைத் தொட்டியின் மேல் சாய்த்து வைத்திருந்தான். திரையில் கேக், மெழுகுவத்தி, மாமியார், பக்கத்து வீட்டுக்காரர்கள், நடுவில் புதுச் சட்டையில் மகள். எல்லோரும் கைதட்டினார்கள். அவனால் தட்ட முடியவில்லை. கையில் குழாய் இருந்தது. குழாய் முனையில் துணுக்கு. மாப்பிள்ளை வந்தார். வாயில் வாங்கினார். யோசித்தார்.

துப்பவில்லை.

தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு குழாயையே பார்த்துக்கொண்டு அடுத்ததற்கு நின்றார்.

"சாப்பிட்டுச்சு," என்றான் முத்திரை. குரல் உடைந்துவிட்டது. "சாப்பிட்டுச்சு."

"ஆமாங்க, இப்பதான் ஒரு வாய் குடுத்தேன், உடனே முழுங்கிட்டா," என்று மனைவி சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு திரையில் தெரிந்த அவன் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனித்தாள். திரை அணைந்தது.

அதன்பின் மாப்பிள்ளை நிறுத்தவே இல்லை. முத்திரையின் சட்டை நிறம் தெரிந்தாலே மணலைக் கிழித்துக்கொண்டு வந்தது. கண்ணாடியின் இந்தப் பக்கம் அவன் நடந்தால் அந்தப் பக்கம் கூடவே நடந்தது. கையிலிருந்து வாங்கித் தின்றது. உடம்பு வைத்தது, புள்ளிகள் மினுமினுத்தன. உலகத்தில் அவனை நேரில் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிற ஜீவன் ஒன்று இருந்தது. அதற்கு அவன் விடுப்பு முழுவதும் செலவாகியிருந்தது.

மேலாளர் திரும்பி வந்த அன்று முத்திரை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சாவியோடு போய் நின்றான். அவர் பெட்டியைக்கூட வைக்காமல் தொட்டியிடம் போனார். மாப்பிள்ளை அவரைப் பார்த்ததும் மணலுக்குள் நழுவியது. முத்திரை பக்கத்தில் வந்ததும் வெளியே வந்து வாலை ஆட்டியது. மேலாளர் குழாயை வாங்கி நீட்டினார். மீன் வாங்கி, யோசித்து, துப்பியது. அவர் குழாயை முத்திரையிடம் கொடுத்தார். அவன் நீட்டினான். மீன் விழுங்கிவிட்டு அடுத்ததற்கு நின்றது.

மேலாளருடைய கண் கலங்கியதை முத்திரை அன்றைக்குத்தான் பார்த்தான். வெள்ளத்தில் வீடு போனவர்களின் கோப்புகளைக்கூட அவர் கொட்டாவி விட்டபடி தள்ளிவிட்டவர்.

"இத்தனை வருஷத்துல..." என்றார். சோபாவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திவிட்டு, "உன் விண்ணப்பத்தை ஏர்போர்ட்லயே நினைச்சுக்கிட்டேன்யா," என்றார்.

முத்திரையின் தலை இறங்கத் தயாரானது.

"நாளைக்கே மேலிடத்துக்கு எழுதிடறேன். இந்த ஆள் இல்லாம இந்தக் கிளை ஒரு நாள் நடக்காது, நான் ஓய்வு பெறுற வரைக்கும் இவனை எங்கேயும் மாத்தக் கூடாதுன்னு."

தலை பாதியிலேயே நின்றது.

"சார், நான் கேட்டது..."

"கேட்டது தெரியும். கிழிச்சுடறேன், கவலைப்படாதே. நீ போயிட்டா மாப்பிள்ளைக்கு யாரு இருக்கா? என் கையால வாங்கலை, பார்த்தியே." சட்டைப் பையிலிருந்து புதுச் சாவி வளையம் ஒன்றை எடுத்தார். வெளிநாட்டில் வாங்கியது. அதில் சின்ன பிளாஸ்டிக் மீன் தொங்கியது. வீட்டுச் சாவியை அதில் கோத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இனி இது உன் வீடுய்யா."

"சார், முன்னாடி பார்த்துக்கிட்டவங்க மூணு பேருக்கும் மாற்றல் குடுத்தீங்களே சார்."

மேலாளர் முகம் இருண்டது.

"அவங்க பேச்சையே இந்த வீட்டுல எடுக்காதே."

பழக்க தோஷத்தில் முத்திரையின் தலை மிச்சமிருந்த பாதியையும் இறங்கி முடித்தது.

வெளியே வந்தான். லிஃப்ட் இன்னும் பழுதாகவே இருந்தது. பையில் அலைபேசி அதிர்ந்தது. மனைவிதான், ஆர்டர் எப்போது என்று கேட்டிருந்தாள். முதல் படியில் உட்கார்ந்தான். படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா அவன் கையிலிருந்த பிளாஸ்டிக் மீனைப் பார்த்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்தார், துணியை வாளியில் போட்டுவிட்டு இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார்.

"நெட்டை, காசாளர், அந்தத் தபால் பிரிவுக்காரர்," என்றான் முத்திரை. "அவங்க மட்டும் அப்படி என்னதான்க்கா பண்ணாங்க?"

"அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்கதான் அந்த வார்த்தையே வேண்டாம்னுட்டீங்க," என்றார் அக்கா. "மூணு பேர் கையிலயும் மீனு செத்துப்போச்சு தம்பி, இனி இவன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு, ஐயா அந்தந்த வாரமே கையெழுத்துப் போட்டு ஒவ்வொருத்தரையா ஊருக்கு அனுப்பிட்டாரு."